முதல் பியர்டட் டிராகன்: பொய் சொன்ன தெர்மாமீட்டரும் 23 நாள் பட்டினியும்

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தாத்தா பாறை மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார். ஆறு மாதத்துக்கு முன்னால் இப்படிப் பார்த்திருந்தால் பதறிப்போயிருப்பேன். உடம்பு வேண்டிய அளவு சூடேறிவிட்டது, மிச்சச் சூட்டை வாய் வழியாக விடுகிறார், அவ்வளவுதான். இந்த வாய்பிளப்பைப் பார்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தாத்தா எங்கள் வீட்டு பியர்டட் டிராகன், அதாவது ஒரு வளர்ப்புப் பல்லி. தொண்டையில் தாடி மாதிரி முள்தோல் இருக்கிறதே என்று தங்கை வைத்த பெயர். வந்த புதிதில் "தாத்தா அஞ்சு நாளா வெளிக்கே போகல" என்று நான் போனில் புலம்பியதைக் கேட்ட ஆபீஸ் நண்பர் ஒருவர், வயசானா அப்படித்தான் என்று ஆறுதல் சொல்லி ஒரு மாத்திரையின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். தாத்தாவுக்கு அப்போது வயது மூன்று மாதம்.

அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. தொட்டியைப் பார்த்ததும் "வேலியில போற ஓணானை..." என்று தொடங்கி, பாதியிலேயே நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓணான் என்றது ஒன்றும் தப்பில்லை. ஓணானும் இதுவும் ஒரே அகாமிடே குடும்பம்தான், இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்காரர். பழமொழியின் மிச்சப் பாதி, அந்தக் குத்துதே குடையுதே, அடுத்த மூன்று வாரத்தில் நடந்தது.

என் முதல் தப்பு, தொட்டியையும் பிராணியையும் ஒரே நாளில் வாங்கியது. இரண்டாவது தப்பு, 'எல்லாம் சேர்ந்த செட்' என்று கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டியை அப்படியே நம்பியது. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, யூவிபி (வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிர்) என்று எழுதிய சுருள் பல்பு, சூட்டுக்கு ஒரு பல்பு, ராத்திரிக்கு என்று ஒரு சிவப்பு பல்பு, கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட முள் தெர்மாமீட்டர், ஒரு பை கால்சியம் மணல், கரண்டில் சூடாகும் ஒரு கல், ஒரு தண்ணீர்க் கிண்ணம். "இதுவே தாராளம் பிரதர், கண்ணை மூடிக்கிட்டு வளக்கலாம்" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வளர்த்தேன்.

இன்று அந்தப் பெட்டியிலிருந்து பயன்பாட்டில் இருப்பது தண்ணீர்க் கிண்ணம் ஒன்றுதான். மணல் இரண்டாம் நாளே போனது. ஒரு வாய் மணலை நக்குவதைத் தங்கைதான் பார்த்தாள். கால்சியம் என்று பெயர் இருப்பதால் தின்றால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது, குட்டிகளுக்கு அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளை விரித்தோம், இப்போது சொரசொரப்பான தரை ஓடு. சூடாகும் கல்லையும் தூக்கிப் போட்டாயிற்று. இவற்றுக்கு வெயில் மேலேயிருந்து வர வேண்டும். வயிற்றுக்கு அடியில் சூடு ஏறினால் சட்டென்று உறைக்காது, வெந்து புண்ணான பிறகும் அதே கல்லில் படுத்திருக்கும். சிவப்பு பல்பும் வேண்டாத வேலை. அதற்குச் சிவப்பும் தெரியும், இருட்டும் வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், தாத்தா சாப்பிடவே இல்லை.

புது இடத்துக்கு வந்தால் ஓரிரு வாரம் சரியாகச் சாப்பிடாது என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மை. அந்த உண்மைதான் என்னைக் கெடுத்தது. பழகட்டும், பழகட்டும் என்று நாளைத் தள்ளினேன். தாடி கறுத்துக் கிடந்தது. வயிற்றில் முட்டை வடிவத்தில் கருங்கோடுகள், அது மிரட்சியின் அடையாளம் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிறாண்டியது. மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி மறைத்ததும் பிறாண்டல் பாதியாகக் குறைந்தது. கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையே எதிரி என்று எண்ணிச் சண்டைக்குப் போயிருக்கிறது. தொட்டியைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றியது அடுத்த திருத்தம். உச்சந்தலையில் இவற்றுக்கு மூன்றாவதாக ஒரு கண் உண்டு. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்து வந்துவிட்டதென்று உறைந்துபோகும். தரையில் வைத்திருந்தபோது நாங்கள் நடக்கும் ஒவ்வொரு முறையும் அதன் கணக்கில் ஒரு பருந்து. கையை எப்போதும் பக்கவாட்டில் கொண்டுபோங்கள்.

மிரட்சி குறைந்தது, சாப்பாடு மட்டும் இல்லை. 38 கிராம் இருந்தது 33 ஆனது. ஒரு நாள் கையில் எடுத்தபோது பின்னங்கால் விரல் ஒன்று தானாகத் துடித்தது. தூக்கத்தில் நமக்கு உதறுமே, அந்த மாதிரி, ஆனால் விட்டு விட்டு. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

முதல் கிளினிக்குக்குப் போன் செய்தபோது "எல்லாப் பிராணியும் பாக்கறோம், கூட்டிட்டு வாங்க" என்றார்கள். பெட்டியில் துணி சுற்றி, வெந்நீர்ப் பாட்டில் வைத்துக் கொண்டுபோய், குரைக்கிற நாய்களுக்கு நடுவே ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தேன். டாக்டர் மூடியைத் திறந்தார், மூடினார். "இதெல்லாம் நாங்க பாக்கறதில்லையே" என்றார். போனில் நான் பல்லி இனம் என்று சொன்னது, எடுத்த பெண்ணுக்கு நாயில் ஏதோ ஒரு இனமாகக் கேட்டிருக்கிறது. போனில் கேட்க வேண்டிய கேள்வி 'பிராணிகளைப் பார்ப்பீர்களா' என்பதல்ல. 'ஊர்வன பார்க்கிற டாக்டர் இருக்கிறாரா, என்றைக்கு இருப்பார்' என்று கேளுங்கள். முடிந்தால் பிராணி வாங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள்.

ஊர்வன பார்க்கிற டாக்டர் கிடைக்க இன்னும் ஐந்து நாள் ஆனது. மலம் கொண்டுவரச் சொன்னார்கள். அபூர்வமாகப் போனதை ஒரு வாரமாகக் காகிதத்தில் மடித்துப் பத்திரமாக வைத்திருந்தேன், பெருமையாக நீட்டினேன். கல் மாதிரி காய்ந்திருந்தது. புதிதாக, ஈரம் போகாமல் வேண்டுமாம், ஒருநாளைக்கு மேல் பழசு ஆகாதாம். சின்ன மூடி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுவரலாம் என்றார்கள். (அம்மாவிடம் அந்த டப்பா என்னவென்று இன்றுவரை சொல்லவில்லை.) ஆக, அந்தப் பரிசோதனைக்கு இன்னொரு நடை.

ஆனால் அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்விக்காகவே எத்தனை நடை வேண்டுமானாலும் நடக்கலாம். பிராணியைத் தொடுவதற்கு முன்னாலேயே கேட்டார்: "பாறை மேல எத்தனை டிகிரி?"

"35 மேடம்."

"எதை வச்சுப் பாத்தீங்க?"

கண்ணாடியில் ஒட்டிய வட்டத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், அதையும் சரியாகக் காட்டாது, கம்பி நுனி உள்ள டிஜிட்டல் ஒன்றை வாங்கிப் பாறை மேலேயே வைத்துப் பாருங்கள் என்றார். அடுத்தது பல்பின் படத்தைக் காட்டச் சொன்னார். சுருள் பல்பு, அதுவும் நெருக்கமான கம்பி வலைக்கு மேலே. வலையே யூவிபியில் நல்ல பங்கை விழுங்கிவிடும், கண்ணாடி மூடியாக இருந்தால் ஒன்றுமே உள்ளே போகாது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் கால்சியம் உடம்பில் ஒட்டும். நான் பூச்சி மேல் தூவிய பொடியெல்லாம் தூவினதோடு சரி. விரல் துடித்தது அதனால்தான். தாடையை மெல்ல அழுத்திப் பார்த்து, "இன்னும் ரப்பர் மாதிரி ஆகல, தப்பிச்சீங்க" என்றார். கால்சியம் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

ஊட்டிவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். உடம்பு குளிர்ந்திருக்கும்போது செரிக்காது, உள்ளே போட்டது வயிற்றிலேயே கிடந்து அழுகும். முதலில் சூடு, பிறகு தண்ணீர், கடைசியில்தான் தீனி. இந்த வரிசையை யாராவது அந்தச் செட்டுப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கலாம்.

அன்று இரவே டிஜிட்டலைப் பாறை மேல் வைத்தேன். 29. இருக்க வேண்டியது 38-லிருந்து 42. இத்தனை நாளாக அந்த ஜீவன் வெயில் என்று நினைத்து வெறும் விளக்கடியில் படுத்திருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவன், சந்தேகம் வந்து திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அறையே குளிர்ந்து கிடக்கிறது, வட்டத் தெர்மாமீட்டரின் முள் மட்டும் அதே 35-ல் நிற்கிறது. ஒரே ஒரு ராத்திரி பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே குட்டு உடைந்திருக்கும்.

திருத்துகிறேன் என்று கிளம்பியதிலும் சொதப்பல். வாட் கூடிய ஹாலஜன் பல்பைப் பழைய ஹோல்டரிலேயே மாட்டினேன். அரைமணி நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். அடுத்தது தெர்மோஸ்டாட், சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கிற கருவி. நான் வாங்கியது சூட்டுப் பாய்க்கு உரிய, சட்டென்று அணைந்து சட்டென்று எரிகிற ரகம். பல்பு நிமிடத்துக்கு நிமிடம் மினுக், மினுக். தாத்தா குகைக்குள் போனவர் வெளியே வரவில்லை, பல்பும் நான்கே நாளில் உயிரை விட்டது. வெளிச்சம் தரும் பல்புக்கு, ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கிற ரகம்தான் வாங்க வேண்டும். கடையில் இரண்டும் ஒரே அட்டையில், ஒரே நிறத்தில் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

சுருள் பல்புக்குப் பதில் டி5 என்கிற மெல்லிய குழல் விளக்கு, யூவிபி 12 சதவீத ரகம். பாறையிலிருந்து எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பது அதன் அட்டையில் போட்டிருக்கும், அதைப் படிக்காமல் மாட்டாதீர்கள். மாட்டிய தேதியை அதன் முனையிலேயே மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வருடத்தில் மாற்ற வேண்டும். வெளிச்சம் அப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும்.

பாறை 40-ஐத் தொட்ட மூன்றாம் நாள், தாத்தா ஏறிப் படுத்து வாயைப் பிளந்தார். தாடி மெல்ல மஞ்சளாக வெளுத்தது. மறுநாள் காலை, கணக்குக்கு 23-ஆம் நாள். ஒரு சின்ன சிள்வண்டுக்குக் கால்சியம் தூவி விட்டேன். அது ஓட்டின் மேல் மாவு பூசிய கோலத்தில் நடந்து, நின்றது. தாத்தா தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தார். நாக்கு நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது, யோசிப்பதுபோல. பிறகு 'சப்' என்று ஒரு சத்தம். கரக், கரக் என்று மெல்லுவது தொட்டிக்கு வெளியே கேட்டது. தங்கை "அண்ணே!" என்று கத்திய கத்தில் பக்கத்து அறையிலிருந்து அம்மா ஓடி வந்தார். கடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். "சாப்பிட்டுடுச்சும்மா" என்றதும், "அடப்பாவிகளா" என்று மட்டும் சொல்லிவிட்டு, போகாமல் நின்று இரண்டாவது பூச்சியையும் பார்த்தார்.

பூச்சி விஷயத்தில் என் அனுபவம் சுருக்கமாக. அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்றது போக மிச்சத்தைப் பிடித்து வெளியே எடுங்கள், விட்டுவைத்தால் ராத்திரியில் தூங்குகிறதன் விரலைச் சிள்வண்டு கடிக்கும். டப்பா மூடியை இரண்டு தடவை சரிபாருங்கள். நான் ஒரு தடவைதான் பார்த்தேன், அந்த வாரம் முழுக்க அலமாரிக்குப் பின்னாலிருந்து பாட்டுக் கச்சேரி. மின்மினிப்பூச்சி மட்டும் கிட்டவே வரக் கூடாது, ஒன்றே ஒன்று போதும் உயிரை எடுக்க. கீரை தின்ன வைக்க எனக்கு இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. பொடியாக நறுக்கி, அதற்கு மேல் ஒரு புழுவை நெளியவிட்டதுதான் பலித்தது. புழுவைக் கவ்வும்போது கூட ஒரு இலையும் போகும்.

மலப் பரிசோதனை முடிவு வந்தது: காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணி இல்லை, கீரைப்பூச்சி கொஞ்சம். மருந்து கொடுத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்து, சரியாகிவிட்டது. விரல் துடிப்பும் அந்த மாதத்தோடு நின்றது.

இப்போது நாலடி நீளத் தொட்டி. ஞாயிறுதோறும் எடை. போன ஞாயிறு 214 கிராம். டாக்டரம்மா வாலடியைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "தாத்தா இல்லைங்க, பாட்டி" என்றார். பெயரை மாற்ற அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கூப்பிட்டுப் பழகிடுச்சு, விடு" என்று, கையில் கீரைத் தட்டோடு தொட்டிப் பக்கம் போய்விட்டார்.