மடக்குக் கத்தியோடு மலைநாட்டில்

நானுஓயாவில் பதுளை ரயில் ஏறும்போது பையில் பேர்ஸ் பழம் நிறைய இருந்தது. நுவரெலியாவில் வாங்கியது, கல்லுப் போல. லண்டனிலிருந்து வந்திருந்த மச்சான் காற்சட்டைப் பையிலிருந்து சின்ன மடக்குக் கத்தி ஒன்றை எடுத்து வெட்டத் தொடங்கினான். எதிரே இருந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். "இதையும் கொஞ்சம் வெட்டித் தாங்க தம்பி" என்று கொய்யா ஒன்றை நீட்டினார்.

"அங்க இதைக் கொண்டு திரியலாமோ?" என்று நான் மச்சானிடம் கேட்டதுதான் தாமதம், பட்டிப்பொல நிலையம் வரைக்கும் சட்ட வகுப்பு. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு, மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் விரித்ததும் பூட்டிக்கொள்ளும் வகை என்றால் அந்தச் சலுகை இல்லை; தகுந்த காரணம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நான்கு ஆண்டு வரை சிறைகூடக் கிடைக்கலாம். பூட்டு இருப்பதே விரல் வெட்டுப்படாமல் இருக்கத்தானே! எனக்கு இது இன்னும் விளங்கவில்லை. பூட்டிவிட்டால் அது மடக்காத கத்திக்குச் சமம் என்பது சட்டத்தின் கணக்காம். யாரையும் வெட்டும் நோக்கத்தோடு கொண்டுபோனால் இரண்டு அங்குலமும் குற்றம்தான். அது நியாயம்.

இலங்கையிலும் கத்தி கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்த வெள்ளைக்காரன் காலத்துக் கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு. இந்தியாவின் ஆயுத விதிகள் ஒன்பது அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம் என்று அளவு சொல்லி, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திகளை விட்டுவிடுகின்றன.

விவசாயக் கத்தி எப்படி இருக்கும் என்பதை ஹப்புத்தளையில் பார்த்தோம். ஒரு மலையில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடும் வேலை, பெரும்பாலும் ஆண்களுடையது. வெட்டு சரிவாக விழ வேண்டும், மழைத்தண்ணீர் தங்காமல் வழிந்தோட. கத்தி மழுங்கினால் கிளை பிளந்து நோய் புகுந்துவிடும். அதனால் நடுநடுவே நின்று கல்லில் தீட்டிக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் கத்தியைக் கையில் பிடித்தபடியே லயத்துக்கு, அதாவது தோட்டத்து வீட்டு வரிசைக்கு, நடக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலைக்காகக் கொண்டுபோவதை மச்சானின் ஊர்ச் சட்டமும் தகுந்த காரணமாக ஏற்கும்.

மூன்று அங்குலக் கதையைச் சொன்னதும் ஒருவர் சிரித்துவிட்டார். "அதுல கறிவேப்பிலை கிள்ளலாங்க, கவ்வாத்து வெட்ட ஏலாது."

போகிறவர்களுக்கு ஒன்று. கண்டியில் தலதா மாளிகை வாசலில் சோதனை உண்டு, கத்தியை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் என்றால் பெரிய பெட்டிக்குள் போடுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனை மேசையோடு அதை மறந்துவிட வேண்டியதுதான்.