ஒரே மேசையில் கேம் பாயும் கேம் கியரும்: மூன்று வார வேலை

போன மாதம் ஒரு ஞாயிறு காலை. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில், பழைய கேசட்டுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில் நிண்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க வீடியோ கேம் கருவியான கேம் பாய் ஒன்று சாம்பல் நிறத்தில் கிடந்தது. 1989-இல் வந்த அதே முதல் மாடல். பக்கத்திலேயே கறுப்பாக, அதற்குப் போட்டியாக சேகா நிறுவனம் விட்ட கேம் கியர்.

"ரெண்டும் ஓடுமா அண்ணே?"

"தெரியாது தம்பி, பேட்டரி போட்டுப் பார்க்கல. சேர்த்து எடுத்துக்கோ, நூத்தி இருபது வெள்ளி."

நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) முடிந்தது.

இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. தொண்ணூறுகளில் பட்டர்வொர்த் அத்தை வீட்டுக்குப் போனால் அத்தை மகன் கையில் கேம் கியர் இருக்கும். கலர் திரை, உள்ளேயே வெளிச்சம். எதிர்வீட்டுப் பையனிடம் இருந்த கேம் பாயை நாங்கள் யாரும் மதித்ததில்லை. பாசி நிறத் திரை, அதில் நான்கே சாயல்கள், விளக்கும் கிடையாது. வெளிச்சம் தேடி அவன் வாசல் படியில் உட்கார்ந்துதான் ஆடுவான். ஆனால் அத்தை மகனின் கேம் கியர் எந்நேரமும் சுவர் பிளக்கோடு வயரில் கட்டிக் கிடந்தது. அதற்கு 6 பேட்டரி வாங்கிக் கொடுத்து அத்தைக்குக் கட்டுப்படியாகவில்லை. எதிர்வீட்டுப் பையன் கேம் பாயைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஃபெர்ரி ஏறினான்.

கடைசியில் உலகம் முழுக்க ஜெயித்தது அவன் கையில் இருந்ததுதான். பின்னால் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து 118 மில்லியனுக்கு மேல் விற்றது. கேம் கியர் 10 மில்லியன் சொச்சத்தோடு நின்றுவிட்டது. ஏன் என்று கையால் தொட்டுப் பார்க்க நினைத்தேன்.

முதல் வாரம்

கேம் பாயின் பேட்டரி மூடியைத் திறந்தால், உள்ளே 4 பழைய பேட்டரிகள் அப்படியே செத்துக் கிடந்தன. ஸ்பிரிங்கைச் சுற்றி நீலப்பச்சைப் பொருக்கு. அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். அதை முறிக்க அமிலம் வேண்டும். அம்மாவின் சமையலறை வினிகரைக் காதுப்பஞ்சில் தொட்டு வைத்தேன். சின்னதாக நுரைத்து, இரண்டு நிமிடத்தில் பொருக்கு இளகிவிட்டது. அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒரு நாள் முழுக்க விசிறிக்கு அடியில் வைத்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் இதற்கு அவசரப்படவே கூடாது.

மறுநாள் புது பேட்டரி போட்டு சுவிட்சைத் தள்ளினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் மேலிருந்து நிண்டெண்டோ பெயர் இறங்கி வந்து "டிங்" என்றது. முப்பது வருடத்துக்குப் பிறகும் அதே டிங்! ஆனால் திரையில் ஏழு செங்குத்துக் கோடுகளில் படத்தைக் காணோம்.

இரண்டாம் வாரம்

இது வயதான கேம் பாய்க்கு வரும் வழக்கமான நோய். திரைக் கண்ணாடியையும் மின்சுற்றுப் பலகையையும் இணைக்கும் நாடாவின் ஒட்டு, காலப்போக்கில் விட்டுப்போகிறது. கீழ் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதை உரித்தால் நாடா தெரியும். ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் கம்பியை மிதமான சூட்டில் வைத்து அதன்மேல் மெதுவாக இழுக்க வேண்டும். கேம் பாயை ஆன் செய்தபடியே இழுத்தால், கோடு உயிர் பெறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதல் இழுப்பில் மூன்று கோடுகள் வந்தன. இரண்டாவதில் கை கொஞ்சம் அழுத்திவிட்டது. நன்றாக இருந்த ஒரு கோடு போனது. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தே ஓ குடித்துவிட்டு வந்தேன். அப்புறம் அழுத்தமே இல்லாமல், கம்பியின் எடை மட்டும் படும்படி இழுத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் திரும்பின.

திறந்து கிடந்தபோது உள்ளே நிதானமாகப் பார்த்தேன். இரண்டு பலகை, நடுவில் ஒரு நாடா, எண்ணிவிடக்கூடிய சிப்புகள். இதைச் செய்த குழுவின் தலைவர் குன்பெய் யோக்கோய், நிண்டெண்டோவுக்காக 1980-இல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்தவர். கால்குலேட்டர்களால் விலை இறங்கிப்போன எல்சிடியை அவர் அதில் விளையாட்டுக்குத் திருப்பினார். நன்றாகப் பழகி மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தை, யாரும் யோசிக்காத இடத்தில் பயன்படுத்துவதுதான் அவர் வழி. கலர் போடத் தெரியாமல் விடவில்லை. விலையும் பேட்டரியும் தாங்காது என்று தெரிந்தே விட்டார். அமெரிக்காவில் கேம் பாய் 90 டாலர், கேம் கியர் 150 டாலர். அங்கே கேம் பாய் பெட்டியோடு, விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் ஆட்டத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த ஆட்டத்துக்குக் கலரே தேவைப்படவில்லை.

மூன்றாம் வாரம்

கேம் கியர். படம் மங்கல், சத்தம் இல்லை. அந்தக் காலத்துச் சின்ன கெபாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) வயதானால் கசியும். இதில் மூன்று பலகைகளிலும் அவை இருக்கின்றன. கசிந்ததன் மேல் கம்பியின் சூடு பட்டதும் ஒரு மீன் வாடை கிளம்பியது. "என்னடா, ரூம்ல கருவாடு சுடுறியா?" என்று அம்மா ஹாலிலிருந்து கேட்டார். இரண்டு பலகைகளில் மாற்றி முடித்தேன். படம் பளிச்சென்று வந்தது. உண்மையிலேயே அழகான திரை. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: இரண்டு திரையிலும் புள்ளிகள் ஒரே கணக்கு, 160-க்கு 144.

சனிக்கிழமை காலை 8 மணிக்கு இரண்டிலும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த புது பேட்டரிகளைப் போட்டு ஓடவிட்டேன். கேம் கியர் 11.20-க்கு அணைந்தது. கேம் பாய் ஓடியது, ஓடியது, ராத்திரி நான் தூங்கும்போதும் டெட்ரிஸ் முகப்போடு மேசையில் கிடந்தது. ஞாயிறு காலை பத்தரைக்குத்தான் சிவப்பு விளக்கு மங்கியது. இருபத்தாறரை மணி நேரம்.

நடுவில் சனி மாலை அக்கா மகள் வந்தாள். "மாமா, இதுல கலர் இல்லையா?" என்றாள். கேம் கியரைத்தான் கேட்பாள் என்று நினைத்தேன், அது அணைந்து கிடந்தது. கேம் பாயை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் திரை தெரியவில்லை என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வெயில் இறங்கும் வரை அங்கேயேதான் இருந்தாள்.

கேம் கியரின் ஒலிப்பலகை இன்னும் பாக்கி. கெபாசிட்டர் அடுத்த வாரம் வந்துவிடும்.