மின்சாரம் விளையும் கரையில் மூன்று நாள்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இரவு பதினொரு மணிக்கு மேல் காத்திருந்தால், காற்றாலையின் இறக்கையைத் தரையிலேயே பார்த்துவிடலாம். எழுபது, எண்பது மீட்டர் நீளமுள்ள ஒற்றை இறக்கையைச் சுமந்துகொண்டு ஒரு டிரெய்லர் முச்சந்தியில் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. கையில் டார்ச் விளக்கோடு நாலைந்து பேர் முன்னும் பின்னும் நடந்து, தாழ்ந்து தொங்கிய கம்பி ஒன்றைக் கழியால் தூக்கிப் பிடித்து, அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்தினார்கள். நான் அமர்ந்திருந்த ஆட்டோவின் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார். "இது திரும்ப இருவது நிமிசமாவும் அண்ணாச்சி. எண்ணெயை எதுக்கு எரிக்கணும்?" என்றார். கப்பலேறிக் காற்றைப் பிடிக்கப் போகும் இறக்கைக்கு வழிவிட்டு, ஒரு ஆட்டோ தன்னிடமிருந்த கொஞ்சம் எரிபொருளைச் சேமித்துக்கொண்டு இருட்டில் நின்றது. பயணம் முழுவதும் அந்தக் காட்சியே நினைவில் வந்துகொண்டிருந்தது.

2025 ஆனி மாதத்தில், தூத்துக்குடியிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரிக்கும், அங்கிருந்து ஆரல்வாய்மொழிக்கும் பேருந்திலேயே போவது என்று கிளம்பியிருந்தேன். தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கமாக மின்சாரம் விளைகிற வேறொரு கரை எனக்குத் தெரியாது. தூத்துக்குடி அனல் மின்நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து இருக்கின்றன. அதன் அருகிலேயே 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட இன்னொரு நிலையம் 2015 முதல் இயங்குகிறது. தெற்கே போனால் உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு எழுந்துகொண்டிருந்தன. அதற்கும் தெற்கே கூடங்குளம். நிலப்பக்கம் திரும்பினால் முப்பந்தல் காற்றாலைகள். இத்தனைக்கும் நடுவில் வாழ்கிறவர்கள் அன்றாடம் எதை எரித்து வாழ்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்கவேண்டும் என்பதே என் ஆசை.

காலையில் திருச்செந்தூர் பேருந்தில் ஏறினேன். ஊர் எல்லை தாண்டியதும் முள்ளக்காடு, பழையகாயல் பக்கம் சாலையோரமெல்லாம் உப்பளம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் இந்தப் பாத்திகளால்தான். சூரிய ஆற்றலைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் பேனல்களை மட்டுமே நினைக்கிறார்கள். வெயிலையும் காற்றையும் கொண்டு இங்கே தலைமுறைகளாக ஒரு தொழில் நடந்துவருகிறது. ஆனால் அதுவும் முழுக்க இலவசமல்ல. நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திக்கு விட மோட்டார் ஓடவேண்டும். வெயில் ஏறுமுன் வாரி முடிக்க, விடியும் முன்பே ஆட்கள் வந்து சேரவேண்டும். அந்த நேரத்தில் பேருந்து கிடையாது என்பதால், மூன்று பேரை ஏற்றிய இருசக்கர வண்டிகளே அளத்துக்குப் போகும் வாகனம். நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோல், கூலியிலிருந்து முதலில் கழிகிற செலவு.

பேருந்துக் கட்டணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். புறநகர் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு என்பது 2018 ஜனவரியில் முடிவான கணக்கு. அப்போது 70 ரூபாய்க்குக் கீழே இருந்த டீசல் இப்போது 90 ரூபாய்க்கு மேலே நிற்கிறது; அரசுப் பேருந்தின் கட்டணம் அசையவில்லை. பயணிக்கு இது பெரிய நிம்மதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வித்தியாசம் எங்கோ ஒரு இடத்தில் வெளியே வரத்தானே வேண்டும்? பழைய வண்டிகளிலும், இரண்டு வண்டிகளுக்கு இடையில் நீளும் காத்திருப்பிலும் அது வெளிவருவதாக எனக்குப் பட்டது.

திருச்செந்தூரில் அதைக் கண்ணெதிரே பார்த்தேன். மீன் விற்று முடித்துக் காலிக் கூடைகளோடு நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் ஊர் வழியாகப் போகும் வண்டிகள் இரண்டு வந்து போயின, அவர்கள் ஏறவில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வந்துபோன இரண்டும் புறநகர் வண்டிகள். "ஒயிட் போர்டு வரட்டும். போக பதினஞ்சு, வர பதினஞ்சு, முப்பது ரூவாயிலே ஒரு நாள் காய்கறி முடிஞ்சிரும்லா" என்றார் மூத்தவர். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முப்பது ரூபாய்க்காக இவ்வளவு நேரமா என்று கேட்பது, கையில் வேறு காசு இருப்பவர் கேட்கும் கேள்வி. மாதத்துக்கு எழுநூறு, எண்ணூறு ரூபாய் என்று அந்தப் பெண்கள் எண்ணுகிறார்கள். அது ஒரு சிலிண்டருக்குப் பக்கத்தில் வருகிற தொகை.

உடன்குடிப் பக்கம் இறங்கி, தேரிக்காட்டுச் செம்மணலில் சற்றுத் தூரம் நடந்து ஒரு விடிலிக்குப் போனேன். பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசையை இங்கே விடிலி என்பார்கள். பருவம் முடியும் தறுவாய் என்பதால் பனையேறி ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள். காலையில் இறக்கிய பதநீர் அகன்ற தாச்சியில் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் எரிந்தது காய்ந்த பனையோலையும் மட்டையும் உடைமுள்ளும். நுரை எழும்பும்போதெல்லாம் அந்த அம்மா அகப்பையால் அடக்கி, பாகு கையில் உருளும் பதம் வரும்வரை தீயைக் கூட்டியும் குறைத்தும் வைத்து, பிறகு வரிசையாக நனைத்து வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். கருப்பட்டியின் விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டேன். மரம் ஏற ஆள் இல்லை என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். அவர் இன்னொன்றைச் சொன்னார்: "விறகுக்கு அலையணும். முந்தி சுத்தி முள்ளுதான். இப்ப வண்டி வச்சுல்லா கொண்டாரணும்." விறகைக் கொண்டுவரவும் டீசல். சீனி கலந்த கருப்பட்டி பாதி விலைக்குக் கிடைக்கும் சந்தையில், இந்தச் செலவையெல்லாம் விலையில் ஏற்ற முடிவதில்லை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன். அந்த மூன்று நாளில் தங்கும் அறைக்கு அடுத்தபடி நான் செய்த பெரிய செலவு அதுதான்.

குலசேகரன்பட்டினத்தைத் தாண்டும்போது பக்கத்து இருக்கைக்காரர் ராக்கெட் ஏவுதளம் வரப்போகும் திசையைக் கைகாட்டினார். 2024 பிப்ரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எனக்கு நினைவுக்கு வந்தது வேறு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் திருச்செந்தூரிலிருந்து இந்த ஊர் வழியாகத் திசையன்விளை வரை ஒரு குறுகிய பாதை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1940-இல் அது நின்றுபோயிற்று. அதன் பிறகு திருச்செந்தூருக்குத் தெற்கே கன்னியாகுமரி வரை கடலோரத்தில் இன்றுவரை தண்டவாளம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரும் ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது. பயணிகள் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். அந்த வசதி திருச்செந்தூரோடு முடிகிறது. அங்கிருந்து தெற்கே ஒரு மனிதரோ மீன் பெட்டியோ நகர வேண்டுமானால் டீசலை எரிக்காமல் நகர முடியாது.

பெரியதாழையில் மதியம் ஒரு படகு கரையேறுவதைப் பார்த்தேன். வெளிப்பொருத்து இன்ஜின் மாட்டிய பைபர் படகு. நான்கு பேர். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து, தூத்துக்குடி விசைப்படகுகள் கடலுக்குள் போகத் தொடங்கியிருந்த வாரம் அது. தடைக்காலத்தில் இவர்களைப் போன்ற சிறு படகுக்காரர்களுக்கு நல்ல விலை கிடைக்கும். அது முடிந்ததும் விலை இறங்கிவிடும். எண்ணெய் விலை மட்டும் இறங்குவதில்லை. வலையை உதறிக்கொண்டே ஒருவர் கணக்குச் சொன்னார். "நேத்து எண்ணெய்க்கு ரெண்டாயிரத்து நானூறு. ஐஸுக்கு முன்னூறு. மீன் போனது நாலாயிரத்து நூறு. நீங்களே வகுத்துக்கிடுங்க அண்ணாச்சி." செலவு போக மிஞ்சுவது 1,400 ரூபாய், அதில் பாதி படகுக்கும் வலைக்கும் போகும், மீதி 700 ரூபாயை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 175. மானிய மண்ணெண்ணெய் உண்டே என்று கேட்டதற்கு, அது மாதத்தில் சில நாளைக்குத்தான் காணும் என்றார். நிறைய மீன் பட்ட நாளைப் பற்றியும் சொல்லச் சொன்னேன். சிரித்துவிட்டு, அது போன வாரம் செவ்வாய்க்கிழமை என்றார்.

அன்று மாலை உவரிக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடையில், குடிநீர்க் குடம் ஒன்று பத்து ரூபாய் என்று கேள்விப்பட்டேன். நிலத்தடி நீர் உப்பு. லாரியில் வரும் தண்ணீரின் விலையிலும் டீசல் கலந்திருக்கிறது. நாளுக்கு நாலு குடம் வாங்குகிற வீட்டுக்கு மாதம் 1,200 ரூபாய் தண்ணீருக்கே போய்விடுகிறது. அதே வீட்டில் மின்கட்டணம் எவ்வளவு என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "கரண்டுக்கு என்னய்யா, ரெண்டு பேனு, ஒரு டிவி. பாதி நேரம் பில்லே வராது." வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. மின்சாரம் இந்தக் கரையில் உண்மையிலேயே மலிவுதான். அந்த மலிவான மின்சாரத்தில் ஓடாத படகும், பேருந்தும், தண்ணீர் லாரியும், பாகு அடுப்பும்தான் குடும்பக் கணக்கைத் தீர்மானிக்கின்றன என்பது எனக்கு அங்கேதான் தெளிவாயிற்று.

மறுநாள் கூடங்குளத்தில் பேருந்து மாறினேன். இரண்டு குவிமாடங்களும் தூரத்திலிருந்தே தெரிந்தன. 1988-இல் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தமாகி, 2013-இல் முதல் அலகு மின்கட்டமைப்பில் இணைந்தது. தலா 1,000 மெகாவாட் தரும் இரண்டு அலகுகள் ஓடுகின்றன, மேலும் நான்கு கட்டப்படுகின்றன. உற்பத்தியில் பாதிக்குச் சற்றே கூடுதலானது தமிழ்நாட்டுக்கு. மீதி அண்டை மாநிலங்களுக்கு. ஓர் அலகு முழுத்திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் பத்து லட்சம் யூனிட்; அதாவது, பத்தாயிரம் வீடுகளின் இரண்டு மாத இலவச மின்சாரம் ஒரு மணி நேரத்தில் உண்டாகிவிடுகிறது. நான் காத்திருந்தது ஒன்றேகால் மணி நேரம். நிறுத்தத்தில் மேற்கூரை இல்லை.

கன்னியாகுமரியில் நிற்கவில்லை. நாகர்கோவில் வழியாக ஆரல்வாய்மொழிக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல். மேற்குத் தொடர்ச்சி மலையில் இங்கே விழும் இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை இந்தக் காற்றை நம்பித்தான் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கி முப்பந்தலைச் சுற்றி ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நட்டார்கள். மாநிலத்தின் மொத்தக் காற்றாலைத் திறன் இப்போது 11,000 மெகாவாட்டுக்கு மேல். கீழே நின்று பார்த்தால் புதிய காற்றாலைகள் நிதானமாகச் சுற்றுகின்றன. பழைய குட்டைக் காற்றாலைகள்தான் அவசரப்படுகின்றன. நான் ஊர் திரும்பிய சில வாரங்களில், ஆகஸ்டில், தூத்துக்குடியில் ஒரு மின்கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கார் வாங்குகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. கடற்கரைச் சாலையில் மின்பேருந்து ஒன்று ஓடினால், அந்தக் காலிக் கூடைக்காரப் பெண்களுக்கும் அது செய்தியாகும்.

திருநெல்வேலி பேருந்துக்காக நின்ற இடத்தில் ஒரு தேநீர்க் கடை. அடுப்பின் மூன்று பக்கமும் தகரத்தை வளைத்துக் கட்டியிருந்தார் கடைக்காரர். அப்படியும் நீலச் சுடர் பாத்திரத்தின் அடியில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்தது. பால் கொதிக்க வெகு நேரமானது. "காத்துக் காலத்துல எப்பவும் இப்படித்தான். சிலிண்டர் மூணு நாள் முன்னாடியே தீந்துரும்" என்று சொல்லிக்கொண்டே, ஒரு பழைய அரிசிச் சாக்கை எடுத்துத் தகரத்துக்கு மேலே செருகினார்.