பிக்கப்புக்கு முளைத்த வால்

மார்ச் 3, திங்கள்
இன்று முதல் ட்ரெய்லர் தினமும் கூடவே வரும். டைல்ஸ் வெட்டும் மெஷின், ஜெனரேட்டர், ஏணி, சாரக் குழாய்கள் எல்லாம் அதற்குள். எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன்: 1,100 கிலோ. பிக்கப் 1,580 வரை இழுக்கும் என்கிறது கையேடு. இன்னும் 480 கிலோ பாக்கி இருக்கிறதே என்று தெம்பாகக் கிளம்பினேன்.

மார்ச் 4, செவ்வாய்
தெம்பு ஒரு நாள்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு லாரி முந்தியது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, அப்புறம் பிக்கப்பின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்கியது. கால் பிரேக்குக்குத்தான் போனது; நல்லவேளை, மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் பின்னால் வரும் எடை வண்டியைத் தள்ளி மடக்கியிருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தேன். 60க்கு இறங்கியதும் அடங்கியது.

வேலைக்கு உடன் வரும் தம்பி வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. இறங்கியதும், "அண்ணே, சாயங்காலம் நான் பஸ்ல போயிடறேன்" என்றான்.

மார்ச் 5, புதன்
குற்றவாளி நான்தான். இறக்க வசதி என்று ஜெனரேட்டரைப் பின்கதவு ஓரமாக வைத்திருந்தேன். ட்ரெய்லரின் மூக்குக்கு, அதாவது பிக்கப்பில் மாட்டும் முனைக்கு, அடியில் கட்டை கொடுத்து வீட்டு எடை மெஷினில் நிறுத்தினால், 65 கிலோ. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இறங்க வேண்டும். எனக்கு 6 கூட இல்லை. ஜெனரேட்டரையும் டைல்ஸ் மெஷினையும் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்து கட்டினேன். 135 ஆனது.

மார்ச் 7, வெள்ளி
ஆட்டம் நின்றது. ஆனால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டுகிறார்கள். பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, என் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது!

கதவோர ஸ்டிக்கரை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். வண்டி சுமக்கக்கூடியது 550 கிலோ. நாங்கள் இருவரும் 150, பின்தட்டில் பசை மூட்டைகள் 300, மூக்கு எடை 135. ஆக 585. மூக்கு எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இழுக்கும் கணக்கில் மிச்சம் இருந்தது. சுமக்கும் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. ஆறு மூட்டைகளை, 120 கிலோ, ட்ரெய்லர் அச்சுக்கு நேர் மேலே மாற்றினேன். தலை தாழ்ந்தது, வண்டிக்கும்.

மார்ச் 14, வெள்ளி
ஏற்றத்தில் கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தது. ஓவர்டிரைவை, அதாவது எல்லாவற்றுக்கும் மேலான கியரை, அணைத்து ஓட்டினேன். மேலும் கீழும் மாறித் தவித்த கியர் ஒரே இடத்தில் நின்றது. சத்தம் அதிகம்தான், இருக்கட்டும். இறக்கத்தில் சின்ன கியர். பிரேக் தீய்ந்த வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் இது தானாகவே பழகிவிடும்.

மார்ச் 25, செவ்வாய்
நிற்கும் இடத்திலெல்லாம் ட்ரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்று இடப்பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடு. பேரிங்கில் கிரீஸ் வற்றியிருந்தது.

ஏப்ரல் 2, புதன்
ரிவர்ஸ். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்தால், கை போகும் பக்கமே ட்ரெய்லரும் போகும். தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவையில் குறுகலான வாசலுக்குள் விட்டான். எனக்கு இன்னும் மூன்று தடவை ஆகிறது.