தலூன் கப்பல் போன வழி

ஆக்லாந்தில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் என்றைக்கு நிற்கும், எதை இறக்கும் என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் பிழைப்பு. அதனாலோ என்னவோ, 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய இன்ஃபுளுயன்சா காய்ச்சலைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தாலும் என் கண் கப்பல் அட்டவணைக்குத்தான் போகிறது. நியூசிலாந்து தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை 'பேப்பர்ஸ் பாஸ்ட்' தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வந்த கப்பல், போன கப்பல் என்று பொடி எழுத்தில் வரும் பத்தியை ராத்திரியில் உட்கார்ந்து மேய்வேன். வீட்டில் கிண்டல்தான்.

தலூன் ஒரு நீராவிக் கப்பல். 1918 அக்டோபர் 30 அன்று ஆக்லாந்திலிருந்து கிளம்பியது. ஊருக்குள் காய்ச்சல் ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்தது. ஆனால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இன்ஃபுளுயன்சா இல்லை. நவம்பர் 6-ல்தான் சேர்த்தார்கள். பட்டியலில் இல்லாத நோய் காகிதத்தில் எப்படி ஏறும்? கப்பலுக்குக் குறையில்லாத சுகாதாரச் சான்று கிடைத்தது. காகிதம் சரியாக இருந்தால் சரக்கு நகரும். எங்கள் தொழிலில் இன்றைக்கும் அப்படித்தான் என்பதால் இந்த இடம் எனக்கு உறுத்துகிறது.

முதலில் ஃபிஜி. அங்கே கப்பலுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள், ஆனாலும் அந்தத் தீவுகளில் நோய் புகுந்து ஏறக்குறைய இருபதில் ஒருவர் இறந்தார். சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம் ஆட்களும் அப்போது அங்கேதான் இருந்தார்கள்.

நவம்பர் 7 அன்று அப்பியா. 1914-ல் ஜெர்மனியிடமிருந்து நியூசிலாந்து பிடித்துக்கொண்ட மேற்கு சமோவாவின் துறைமுகம். ஃபிஜியில் போட்ட அந்தக் கட்டுப்பாடுகூட இங்கே இல்லை. நோயாளிகள் உட்படப் பயணிகள் இறங்கிப் போக அனுமதி கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் அப்பியா இருக்கும் உப்போலு தீவு முழுக்கப் பரவி, பக்கத்துத் தீவான சவாயீயையும் பிடித்துக்கொண்டது. சுமார் 8,500 பேர் இறந்தார்கள். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால் தோட்டத்துக்குப் போய்க் கிழங்கு பிடுங்கி வரவோ, சமைக்கவோ, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவோ ஆளில்லை. காய்ச்சலில் பிழைத்தும் பட்டினியில் போனவர்கள் உண்டு. தலூன் அதோடு நிற்கவில்லை. அடுத்து டோங்கா, அங்கும் சாவு.

இப்போது கிழக்கே பாருங்கள். நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி அமெரிக்க சமோவா. அதே மக்கள், அதே மொழி, இரண்டு பக்கமும் சொந்தபந்தம். அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. ஆளுநர் ஜான் போயர் வானொலித் தந்தியில் வந்த செய்திகளைப் படித்துவிட்டு, கப்பல்களைத் தனிமைப்படுத்தினார். அவர் உத்தரவு போட்டார், சரி. ராத்திரி பகலாகக் கரையைச் சுற்றிக் காவல் காத்து, அக்கரையிலிருந்து வந்த படகுகளைத் திருப்பி அனுப்பியவர்கள் உள்ளூர் சமோவர்கள். வந்த படகில் உறவுக்காரர்கூட இருந்திருக்கலாம். பாராட்டு என்னவோ போயருக்கே அதிகம்.

மேற்கு சமோவாவின் நிர்வாகி கர்னல் ராபர்ட் லோகன், அமெரிக்க சமோவாவிலிருந்து மருத்துவ உதவி தருகிறோம் என்று கேட்டபோதும் ஏற்கவில்லை. தன் பக்கத்துத் தபால் படகை அவர்கள் தனிமைப்படுத்தியதில் அவருக்குக் கோபம், வானொலித் தொடர்பையும் துண்டித்தார். இதை அறியாமை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கௌரவப் பிரச்சினை என்றுதான் படுகிறது. 2002-ல் பிரதமர் ஹெலன் கிளார்க் அப்பியாவுக்கே போய் நியூசிலாந்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இந்த வழித்தடம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கப்பலுக்குப் பதில் விமானம், அவ்வளவே. 2019-ல் நியூசிலாந்திலிருந்து போன தட்டம்மை சமோவாவில் 83 உயிர்களைக் கொண்டுபோனது, பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். தடுப்பூசி போடாதவர்கள் இருக்கும் வீடுகளின் முன்னே சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள்.

இப்போது பசிபிக் தீவுகளின் மருத்துவமனைகள் வாராவாரம் ஒரு கணக்கு அனுப்புகின்றன. இருமலோடு காய்ச்சல் எத்தனை, தடிப்போடு காய்ச்சல் எத்தனை, பேதி எத்தனை. ஆய்வகம் என்ன நோய் என்று பெயர் சொல்லும்வரை காத்திருப்பதில்லை, எண்ணிக்கை ஏறினாலே விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். தலூனுக்குச் சான்று கொடுத்த ஆக்லாந்தில் அந்த மாதிரி ஒரு கணக்கு இருந்திருந்தால், அந்தக் காகிதத்தில் கையெழுத்து அவ்வளவு சுலபமாக விழுந்திருக்காது.