ஸ்க்ரம் மாஸ்டர் வேலைக்கு யாரைத் தேடுகிறோம்?

திருவனந்தபுரத்தின் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தின் பக்கம் வேலை தேடுகிற பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். ஜாவா டெவலப்பர், டெஸ்டர், கிளவுட் என்ஜினியர் என்ற வழக்கமான விளம்பரங்களுக்கு நடுவே ‘ஸ்க்ரம் மாஸ்டர் தேவை’ என்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. சில இடங்களில் அஜைல் கோச் என்று போடுவார்கள், சில இடங்களில் டெலிவரி லீட். டீம் எங்கேயும் முட்டிக்கொண்டு நிற்காமல் வேலை நகரப் பார்த்துக்கொள்கிற ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம். நான் மார்த்தாண்டத்துக்காரி. டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்தில் மேனுவல் டெஸ்டிங்கில் சேர்ந்து, பிறகு இந்த வேலைக்கு வந்தேன். இப்போது ஆள் எடுக்கிற நேர்காணல்களிலும் உட்காருகிறேன். விளம்பரத்தில் கேட்பதற்கும் டீமுக்கு உண்மையில் தேவைப்படுவதற்கும் உள்ள தூரம் எனக்குக் கவலை தருகிறது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

இந்த வேலைக்குத் தேவை ஏன் கூடியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாக முடித்துக் காட்டுகிற முறைதான் ஸ்க்ரம். கென் ஷ்வாபர், ஜெஃப் சதர்லாண்ட் என்ற இரண்டு மென்பொருள்காரர்கள் அதை 1995இல் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி, ஸ்க்ரம் போன்ற முறைகளுக்குப் பொதுவான கொள்கைகளைச் சொல்லும் அஜைல் அறிக்கையை எழுதினார்கள். நம்மூர் சர்வீஸ் கம்பெனிகளுக்கு அது பரவலாக வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. அதற்கு முன்பு வெளிநாட்டு கிளையன்ட் தடிமனாக ஒரு ஆவணம் அனுப்புவார், இங்கே மாதக்கணக்கில் புரோகிராம் எழுதுவோம், கடைசியில் “நாங்கள் கேட்டது இது இல்லையே” என்பார்கள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். முன்பு ஆறு மாதம் மூடி மறைக்க முடிந்த தடங்கல் எல்லாம் இரண்டே வாரத்தில் வெளியே தெரிந்துவிடுகிறது. தெரிந்தால் மட்டும் போதுமா? யாராவது எழுந்து போய் அதைச் சரிசெய்ய வேண்டும். அந்த ஆளுக்குத்தான் இத்தனை தேடல்.

எங்கள் டீமில் ஒரு தம்பி இருந்தான். குழித்துறையில் ரயில் ஏறி வருகிறவன், நல்ல வேலைக்காரன். தினமும் நடக்கிற ஸ்டாண்ட்-அப் என்ற குட்டிக் கூட்டத்தில் அவன் முறை வந்தால் “ரிப்போர்ட் மாட்யூல், இன் புரோகிரஸ்” என்பதோடு முடித்துக்கொள்வான். டீம் லீட் அடுத்தவருக்குப் போய்விடுவார். எந்த வேலை எந்த நிலையில் என்று காட்டும் ஜிரா மென்பொருளின் போர்டில் அவனுடைய வேலைச் சீட்டு மட்டும் அசையாமல் அதே இடத்தில் கிடந்தது. ஒருநாள் சாயா குடிக்க அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். கேன்டீனில் பழம்பொரியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: “டெஸ்ட் டேட்டாபேஸுக்கு எனக்கு ஆக்சஸ் இல்லக்கா.” கேட்டுத்தான் இருந்தான். கேட்ட விதத்தில் தப்பே இல்லை. கொடுக்க வேண்டியவர்கள் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்தார்கள். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலமானால் 7.30. அவர்கள் ஆபீசுக்கு வரும்போது இவன் வண்டியில் பாறசாலையைத் தாண்டிக்கொண்டிருப்பான். “டேட்டாபேஸில் எந்தப் பகுதி?” என்று அவர்கள் ராத்திரி கேட்பார்கள். இவன் காலையில் பதில் போடுவான், அப்போது அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அன்று ராத்திரி “படிக்க மட்டுமா, எழுதவுமா?” என்று இன்னொரு கேள்வி வரும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். வேலை அப்படியே நின்றது.

“ஏன் மக்களே, இத ஸ்டாண்ட்-அப்புல சொல்லக்கூடாதா?” என்றேன். “எல்லாரும் அவங்கவங்க வேலைய முடிச்சிட்டு நிக்காங்க, நான் மட்டும் ஆக்சஸ் கிடைக்கலன்னு டெய்லி சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றான்.

அன்று மாலையே கிளையன்ட் பக்கத்து ஆட்களோடு பத்து நிமிஷப் பேச்சு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேன். அடுத்த வண்டிக்குப் போகிறேன் என்று அவனும் காத்திருந்தான். பேச்சு முடிவதற்குள் ஆக்சஸ் வந்துவிட்டது. அதற்கப்புறம், எதை முதலில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிற புராடக்ட் ஓனரிடம் பேசி ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தோம். ஸ்பிரிண்ட் என்கிற அந்த இரண்டு வாரச் சுற்றைத் திட்டமிடும் கூட்டத்திலேயே யார் யாருக்கு எந்த ஆக்சஸ் வேண்டும் என்று எழுதி, ஸ்பிரிண்ட் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். இந்த வேலையைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஸ்க்ரம் மாஸ்டர் என்றால் இதுதான்.

இன்னொன்று, தமிழ்நாடு–கேரள எல்லையோரத்தில் இருப்பதால் எங்களுக்கே உரியது. ஸ்டாண்ட்-அப் ஆங்கிலத்தில்தான் தொடங்கும், இரண்டு நிமிஷத்தில் மலையாளத்துக்கு வழுக்கிவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, வாய் தானாகப் போகிறது. குமரிக்காரர்களான எங்களுக்குப் புரிந்துவிடும். மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் வாயிலிருந்து சுருக்கமான ஆங்கிலம் மட்டும் வரும், பிரச்சினை வராது. “தமிழ்லயே சொல்லுங்க, இங்க எல்லாருக்கும் புரியும்” என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். மலையாளிச் சேட்டன்மாருக்கும் சேச்சிகளுக்கும் தமிழ் நன்றாகவே புரியும், பாதிப் பேர் நம் சினிமாவை விடாமல் பார்க்கிறவர்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் சொல்கிற அப்டேட்டில் “ஆனா ஒரு சின்ன சந்தேகம்” என்ற வாக்கியம் சேர்ந்துகொண்டது. டீமுக்கு வேண்டியதே அந்த வாக்கியம்தான்.

சரி, இத்தனை தேவை இருக்கும் வேலையை ஏன் சில கம்பெனிகள் தூக்குகின்றன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி அஜைல் பணிப்பிரிவையே கலைத்தது. 1,100 பேருக்கு மேல் வேலை போனது. இந்தப் பொறுப்பை இனி என்ஜினியரிங் வேலைக்குள்ளேயே சேர்த்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் பக்கத்திலும் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புவதும் போர்டைப் புதுப்பிப்பதும் மட்டும்தான் ஒருவரின் வேலை என்றால், அந்தப் பதவி நிலைக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நான் பார்த்த ஒரு புராஜெக்டில் பதவியை எடுத்துவிட்டு டீம் லீடையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் அருமையான கோடர், மூச்சுவிட நேரமில்லாதவர். ஸ்டாண்ட்-அப் வருகைப் பதிவு எடுப்பது போல் ஆனது, தடங்கல்கள் குவிந்தன. சில மாதம் கழித்து அதே வேலைக்கு ‘டெலிவரி லீட்’ என்ற பெயரில் விளம்பரம் வந்தது. பெயர் மாறலாம், வேலை போய்விடவில்லை.

விளம்பரங்களில் எனக்கு வருத்தம் தருவது சான்றிதழை முதல் வரியில் வைப்பது. சி.எஸ்.எம். (சர்டிஃபைடு ஸ்க்ரம் மாஸ்டர்) என்றால் இரண்டு நாள் வகுப்பு, பிறகு 50 கேள்வி, 37 சரியாக இருந்தால் தேர்ச்சி. பி.எஸ்.எம். (புரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்) முதல் நிலை என்றால் 60 நிமிஷத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுக்க வேண்டும். இரண்டுமே மோசமான பரீட்சை இல்லை. ஆனால் அவை சோதிப்பது விதிகளை. ஸ்பிரிண்ட் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது, டெய்லி ஸ்க்ரம் என்கிற ஸ்டாண்ட்-அப் 15 நிமிஷம், டீம் பெரும்பாலும் பத்துப் பேருக்குள் என்பதெல்லாம் 2020இல் திருத்தி வெளியிட்ட ஸ்க்ரம் வழிகாட்டியில் இருக்கிறது. அது சின்னஞ்சிறு கையேடு, காசு கொடுக்காமல் படிக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள வீட்டில் நகையை அடகு வைத்துக் கோர்ஸில் சேர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். “சேர்ந்தால் வேலை நிச்சயம்” என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஒரு நேர்காணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம்: ஸ்பிரிண்ட் முடிவில் நடந்ததை அலசும் ரெட்ரோ கூட்டத்தில் ஒருவர் தொடர்ந்து வாயே திறக்கவில்லை, என்ன செய்வீர்கள்? ஐஸ் பிரேக்கர் விளையாட்டு, பெயர் போடாத ஃபார்ம், வண்ண ஸ்டிக்கி நோட் என்று பதில்கள் வந்தன. பிறகு ஒரு பெண் வந்தார். களியக்காவிளையில் பிறந்து பாறசாலையில் கல்யாணமாகிப் போனவர். டெஸ்டராக இருந்து, குழந்தைகளுக்காக வேலையை விட்டு, திரும்ப வருகிறார். கையில் எந்தச் சான்றிதழும் இல்லை.

“கூட்டத்துல வச்சு கேக்க மாட்டேன் மேடம்” என்றார். “நான் எங்க அயல்கூட்டத்துக்கு செக்ரட்டரியா இருந்தேன். தவணை கட்டாதவங்கள எல்லார் முன்னாடியும் கேட்டா அடுத்த வாரம் வரவே மாட்டாங்க. முந்தின நாளே வீட்டுக்குப் போய்க் கேப்பேன்.”

1998இல் கேரளத்தில் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவித் திட்டத்தின் அடித்தட்டுதான் அயல்கூட்டம். பத்திலிருந்து இருபது வீட்டுப் பெண்கள் வாரந்தோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, சேமிப்பும் கடனும் பேசுவார்கள். அவருடைய குழுவில் ஒரு அக்கா சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாராம். வீட்டுக்குப் போய்ப் பேசியபோதுதான் தெரிந்திருக்கிறது, அவர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர், கூலி கைக்கு வருவது சனிக்கிழமை, கூட்டமோ வெள்ளிக்கிழமை. கையில் காசில்லாத நாளில் என்ன பேசுவார்? கூட்டத்தை ஞாயிறுக்கு மாற்றினார்களாம். “அதுக்குப் பெறவு அவங்கதான் ரொம்ப பேசுவாங்க” என்று சிரித்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஜிரா தெரியுமா என்பதுதான் அறையில் இருந்த மேனேஜரின் கவலை. ஜிராவை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்றேன். கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. கடைசியில் அவரை எடுத்தோம். சேர்ந்த பிறகு பி.எஸ்.எம். பரீட்சையும் எழுதித் தேறினார்.

அடுத்த விளம்பரத்துக்கு எச்.ஆரிடம் சொல்லி, சான்றிதழ் வரியைக் கீழே இறக்கி ‘இருந்தால் நல்லது’ என்று மாற்ற வைத்தேன். முதல் வரியில் இப்போது இருப்பது இது: ‘உங்கள் டீமில் நின்றுபோன ஒரு வேலையை எப்படி நகர்த்தினீர்கள் என்று பத்து வரியில் எழுதி அனுப்பவும்.’ விண்ணப்பங்கள் முன்பைவிடக் குறைவாகத்தான் வருகின்றன. ஆனால் இந்தப் பத்து வரியை ஒன்றுவிடாமல் படிக்கிறேன். தமிழில் எழுதி அனுப்பினாலும் படிப்பேன்.