விண்ணப்பத்துக்கு முன் வந்தாறுமூலைக்கு ஒரு பயணம்

உயர்தரப் பெறுபேறு வெளியான கிழமையே உப்புவெளியில் எங்கள் வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. மகள் உயிரியல் பிரிவில் தோற்றியவள். மருத்துவத்துக்குப் புள்ளி போதாது என்பதை அவளே முதலில் சொன்னாள். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தின் சித்த மருத்துவத்தை முதலாம் தெரிவாக இட்டால், வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே படித்து முடிக்கலாம் என்பது என் கணக்கு. அவளோ மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடந்தான் முதலில் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

பல்கலைக்கழகத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கும் வழக்கம் எங்களிடையே அநேகமாக இல்லை. அனுமதியை, பரீட்சைப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் இசற் புள்ளிதான் (Z-score) தீர்மானிக்கிறது. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்ட ஒதுக்கீட்டிலும், மிகுதி 5 வீதமானவை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மாவட்ட ஒதுக்கீட்டாலும், பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று என்பதாலும், எங்கள் வெட்டுப்புள்ளியும் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியும் ஒன்றாக இருப்பதில்லை. பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொரு தெரிவுக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் ஒரு குறியீடு உண்டு. அக்குறியீடுகளை எந்த ஒழுங்கில் இடுகிறோம் என்பது மட்டுமே எங்கள் கையில் இருந்தது. அந்த ஒழுங்கில்தான் நாங்கள் முரண்பட்டோம்.

“பார்க்காமலே எப்படி அப்பா வேண்டாமெண்டு சொல்லுறீங்க?” என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாததால், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம்.

2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அப்பாலம் இப்போது தாண்டும் நீரைப் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. மூதூருக்கும் வெருகலுக்கும் இடையிலும் அப்போது அதே நிலைதான். வந்தாறுமூலை தொலைவு என்ற எண்ணம் அந்தக் காலத்தில் என் மனத்தில் படிந்தது என்பதை, பாலத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்தபோதுதான் உணர்ந்தேன். தலைக்கவசம் போட்டுக்கொண்டு பேச முடியாது. எனவே பேச்செல்லாம் நின்ற இடங்களில்தான் நடந்தது. வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலடியில் தேநீர் குடித்தபோது, சித்த மருத்துவத்தை அவள் ஏன் விரும்பவில்லை என்று முதன்முறையாகக் கேட்டேன். விருப்பமில்லாமல் இல்லை, தன் பெரியப்பாவின் வயல் இரண்டு போகம் உவரால் கெட்டதைப் பார்த்ததிலிருந்து மண்ணைப் பற்றிப் படிக்கவே ஆசை என்றாள். அதை வீட்டில் அவள் சொல்லியிருக்கவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை.

கதிரவெளி தாண்டியதும் கச்சான் காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது. வாகரைக்குக் கிட்டப் பின் சில்லு காற்றுப் போய், ஒட்டுக்கடை தேடி ஒரு மணித்தியாலம் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஓட்டமாவடி, வாழைச்சேனை, கிரான், சித்தாண்டி எல்லாம் எவ்வித இடையூறுமின்றிக் கடந்தன.

எங்கள் அயலவரின் மகள் வந்தாறுமூலையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளே எங்களை உள்ளே அழைத்துச் சென்றாள். 1981 இல் வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலய வளவில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த இடம் அது. எனக்குக் கட்டடங்களைவிட அந்தப் பிள்ளை சொன்னவைதான் பயன்பட்டன: விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடப்பதால் முதல் மாதங்களில் திணற வேண்டிவரும், விடுதி அறையில் நால்வர், திருகோணமலை பஸ் வாசலாலேயே போகும். மகள் அவற்றை அரைக்காதால் கேட்டுக்கொண்டு, பண்ணைப் பாத்தியில் குந்தியிருந்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தாள். நான் அவ்விடத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது கிண்ணியாவில் ஒரு சட்டி தயிர் வாங்கினோம்.

விண்ணப்பத்தை நகரிலுள்ள ஒரு தொடர்பாடல் நிலையத்தில் தட்டச்சுச் செய்யக் கொடுத்திருந்தோம். சமர்ப்பிக்குமுன் கைந்நூலோடு ஒப்பிட்டபோது, விவசாயத்துக்கு வேறொரு பல்கலைக்கழகத்தின் குறியீடு இடப்பட்டிருந்ததை மகள் கண்டுபிடித்தாள். கடைக்காரரை நம்பி அனுப்பியிருந்தால் போன பயணம் வீணாகியிருக்கும். பிள்ளைகளின் விண்ணப்பத்தை நிரப்புவோர் ஒவ்வொரு இலக்கத்தையும் விரல் வைத்துப் பார்ப்பது நல்லது. திருத்தி எடுத்த பிரதியின் முதல் வரியில் வந்தாறுமூலை இருந்தது. இரண்டாம் வரியில் கோணேசபுரி. அதை நான் சொல்லாமலே அவள் இட்டிருந்தாள்.